கயாக்கின் வயிற்றுக்குள் 16 லிட்டர் கடல்

டிசம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் நீரோடி கடப்புறத்தில் கரையேறியபோது என் துடுப்புப் படகான கயாக்கைத் தூக்க முடியவில்லை. அதன் எடை 29 கிலோ. ஒரு பக்கத்தைத் தோளில் சாய்த்துத் தனியாளாகவே மணலில் ஏற்றிவிடுவது வழக்கம். அன்று அசையவில்லை. கொஞ்சம் சாய்த்ததும் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டது. பின்பக்கத்து அடைப்பைத் திருகிக் கழற்றி, மீன் போடக் கொண்டுபோயிருந்த பத்து லிட்டர் வாளியை அதன்கீழ் வைத்தேன். வாளி நிரம்பியது. ஊற்றிவிட்டு மறுபடி வைத்தேன். பாதிக்கு மேல் வந்து நின்றது. மொத்தம் 16 லிட்டர்.

கரையில் இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நான் அவ்வளவு கடலையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசி அரை மணி நேரம் கயாக் ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்தபடியே நின்றது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிறது என்று நினைத்துத் துடுப்பை அந்தப் பக்கம் அழுத்திப் போட்டேன். உண்மையில் உள்ளே இருந்த தண்ணீர் சாய்ந்த பக்கமெல்லாம் ஓடிச் சேர்ந்திருக்கிறது. 16 கிலோ மூட்டையைக் கட்டி வைத்தால் ஆபத்தில்லை. அது வைத்த இடத்தில் இருக்கும். 16 கிலோ தண்ணீர் அப்படி இருக்காது. படகு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்துக்கே போய் இன்னும் சரிக்கும். இன்னொரு பத்து லிட்டர் ஏறியிருந்தால் நான் கவிழ்ந்திருப்பேன்.

நான் கடல்புறத்துக்காரன் இல்லை. களியக்காவிளையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நீச்சல் கற்றது ஆற்றில். கோவளத்தில் சுற்றுலாத் தொழிலை நிறுத்திக்கொண்ட ஒருவரிடம் இருந்து இந்தக் கயாக்கைப் பழையதாக வாங்கி இரண்டு வருடமாகிறது. பதினோரு அடி நீளம், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. உட்காரும் தட்டில் மேலிருந்து அடிவரை ஆறு துளைகள் குழாய் போலப் போகும். அலை மேலே ஏறினால் அந்தத் துளைகள் வழியாகவே வடிந்துவிடும்.

நீரோடிதான் இந்தக் கரையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அடுத்தது பொழியூர், கேரளம். கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் மிஞ்சியிருக்கிறது. அங்கேதான் இறங்குவேன். அங்கே எனக்கு ஒரு பாட்டா, அதாவது தாத்தா, இருக்கிறார். சொந்தம் இல்லை, ஆனாலும் பாட்டாதான். நாற்பது வருடம் கட்டுமரத்தில் போனவர். இப்போது மகனின் ஃபைபர் வள்ளத்துக்கு வலை கட்டிக்கொண்டு கரையில் இருக்கிறார். அன்று நான் வாளியை வைத்துத் தண்ணீர் வடிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"உள்ள என்ன மக்களே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல பாட்டா. காத்துதான்."

அவர் விரல் முட்டியால் கயாக்கின் முதுகில் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "மரம் முங்காது. அலை மேல ஏறினா இடுக்கு வழியா கீழ போவும், மரம் மரமாட்டே கெடக்கும். இது சட்டி. சட்டியில ஓட்ட விழுந்தா என்ன ஆவும்? நீ மரத்துல இருக்கன்னு நெனச்சிட்டு சட்டியில போறே, கேட்டியா."

இந்தப் பதிவு அந்தப் பேச்சிலிருந்து ஆரம்பித்த வேலையைப் பற்றியது. மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கும் கட்டுமரமும் பார்வைக்கு ஒரே குடும்பம். நனைந்துகொண்டே போக வேண்டும், தண்ணீர் தானே வடியும், கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆனால் கட்டுமரத்தை மிதக்க வைப்பது தடி. கயாக்கை மிதக்க வைப்பது உள்ளே அடைத்துக்கிடக்கும் காற்று. கவனிக்க வேண்டிய வித்தியாசம் அந்த ஒன்றுதான். அதை நான் இரண்டு வருடமாகக் கவனிக்கவில்லை.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் கயாக்கை இரண்டு பழைய டயர்மேல் கவிழ்த்துப் போட்டேன். அடைப்புத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிச் சுற்றிலும் துணியால் இறுக்கி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று விட்டேன். கம்பிரசர் வைத்து ஏற்றக் கூடாது, உடம்பு புடைத்து மூட்டு விட்டுவிடும். அடிப்பக்கம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினேன். இருக்கைக்குக் கீழே உள்ள வடிதுளையைச் சுற்றி நுரை பொங்கியது. துளைக்குழாயும் அடித்தட்டும் சேரும் விளிம்பில் பிறை வடிவத்தில் ஐந்து சென்டிமீட்டர் விரிசல்.

காரணம் நானே செய்து வைத்த தள்ளுவண்டி. இரண்டு சக்கரம் வைத்த சட்டத்தில் இரண்டு குத்துக் கம்பிகள். அந்தக் கம்பிகள் வடிதுளைக்குள் நுழைந்து கயாக்கைத் தாங்கும். கடைகளில் விற்கும் வண்டிகளும் பல இந்த வகைதான். மணலில் இழுக்கும்வரை பரவாயில்லை. நீரோடியில் சாலைக்கும் மணலுக்கும் நடுவே கற்சுவர் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் குதிக்கும்போது, தூண்டில் சாமானும் தண்ணீர்க் குடமும் ஏற்றிய மொத்த எடையும் இரண்டு துளை விளிம்பில் இடித்திருக்கிறது. அந்த வண்டியை அன்றே பிரித்துவிட்டேன். இப்போது இரண்டு அகலப் பட்டை போட்ட தொட்டில் போன்ற சட்டத்தில் கயாக்கின் அடிவயிறு முழுதாக உட்காருகிறது. இந்த வகைக் கயாக் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வடிதுளை விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்து நான் செய்தது தப்பு. ஊரில் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிறவர்கள் நல்ல கைகாரர்கள். கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் வைத்து, உடைந்த முன்முனையான அணியத்தையே புதிதாக எழுப்பிவிடுவார்கள். ஒருவரிடம் கொண்டுபோனேன். "இது வேற பிளாஸ்டிக், பிடிக்குமான்னு தெரியாது" என்றுதான் அவர் சொன்னார். நான்தான் ஒட்டச் சொன்னேன். ஒட்டியது பாறை மாதிரி இறுகியது. பத்து நாள் கழித்து நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். பலாச்சுளை உரிந்து வருவதுபோல் முழுத் துண்டும் கையில் வந்தது. அதன் அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது, ஒரு இழைகூடப் பிடித்திருக்கவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள அடிவிளிம்பில் இருந்து சிறு சீவலைச் செதுக்கினேன். தண்ணீரில் போட்டால் மிதந்தது. பற்றவைத்தால் மெழுகுவர்த்தி வாசனையோடு சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது. பாலிஎத்திலீன். இந்த வகைக் கயாக்குகளைப் பெரும்பாலும் அதில்தான் வார்க்கிறார்கள். தூளை அச்சுக்குள் போட்டு, சூட்டில் அச்சைச் சுழற்றிச் சுழற்றி உட்சுவரில் படிய வைப்பார்கள். மெழுகு ஜாதி என்பதால் பசையோ ரெசினோ எம்-சீலோ எதுவும் அதன்மேல் சாதாரணமாக நிற்காது. அதை அதனாலேயே உருக்கிச் சேர்த்தால்தான் உண்டு.

அப்போதுதான் மொட்டைமாடி ஞாபகம் வந்தது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையும் இதே முறையில், இதே பாலிஎத்திலீனில்தான் வார்க்கிறார்கள். அண்டை வீட்டில் தென்னை மட்டை விழுந்து உடைந்த தொட்டி ஒன்று கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடந்தது. மூடிப் பக்கத்தில் இருந்து ஒரு சாண் துண்டு வாங்கிவந்து, ஐந்து மில்லிமீட்டர் அகலக் குச்சிகளாக வெட்டிக்கொண்டேன். எடுத்ததுமே கயாக்கில் வைக்கவில்லை. கயாக்கின் உள்விளிம்பில் சீவிய துண்டையும் தொட்டிக் குச்சியையும் உருக்கி ஒட்டி, ஆறவிட்டு, இரண்டு குறடால் பிடித்து முறுக்கினேன். ஒட்டு விடவில்லை, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக்தான் நீண்டு இழுபட்டது. ஒரே ஜாதி என்று உறுதியானது. இரண்டும் ஒட்டாமல் பிரிந்தால் அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கருவிகள் என் கடையிலேயே இருந்தன. தட்டை முனை வைத்த 60 வாட் சால்டரிங் அயர்ன், சூட்டுக்காற்றுத் துப்பாக்கி, கை டிரில். விரிசலின் இரண்டு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டேன். இதை விட்டுவிட்டால் ஒட்டுக்கு வெளியே விரிசல் ஓடிக்கொண்டே போகும். பிறகு விரிசல் நெடுகிலும் கத்தி முனையால் வாய்க்கால் போல் செதுக்கினேன். கனத்தில் பாதிக்கு மேல் ஆழம். பழைய ரெசின் தூசி ஒன்றும் இல்லாதபடி உப்புத்தாள் தேய்த்து, ஸ்பிரிட் துணியால் துடைத்தேன்.

வேலையில் கை பழக வேண்டிய இடம் சூடு. காற்றுத் துப்பாக்கியை 280 டிகிரியில் வைத்துக் குச்சியையும் வாய்க்காலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மங்கலாக இருக்கும் மேற்பரப்பு திடீரென்று ஈரம் பட்டதுபோல் பளபளக்கும். அந்த நொடியில் அழுத்த வேண்டும். பளபளப்பு வருவதற்கு முன் அழுத்தினால் மேலாக ஒட்டி உரியும். தாண்டிவிட்டால் புகைந்து பொரியும், அதற்கும் பலம் இல்லை. முதல் இரண்டு சென்டிமீட்டரைப் பொரித்துவிட்டேன். செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். வாய்க்கால் நிரம்பியதும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எவர்சில்வர் கொசுவலையில் தீப்பெட்டி அளவு வெட்டி, சால்டரிங் அயர்னால் அழுத்தி உள்ளே புதைத்தேன். அதன்மேல் இன்னொரு அடுக்குக் குச்சி உருக்கிப் பூசினேன். வலை துளியும் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் உப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து ஆற்றவில்லை. சீக்கிரம் குளிர்ந்தால் சுருங்கிப் புதிய விரிசல் விழும் என்பதால் ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். புகைக்கு வாசலும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். எனக்கு அன்று இரண்டு மணி நேரம் தலைவலி இருந்தது.

மறுநாள் சோப்பு நுரை எங்கும் பொங்கவில்லை. அதில் திருப்தி வராமல், கயாக்குக்குள் இருபது லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒட்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து ராத்திரி முழுக்க வைத்தேன். தாள் காய்ந்தே இருந்தது. வெள்ளைக் கயாக்கின் அடியில் கறுப்பாக ஒரு வடு. பார்க்க அழகில்லை. எனக்கு அது நிறைவாக இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அது சட்டிதான். பாட்டா சொன்னதற்குப் பதில் ஒட்டில் இல்லை, உள்ளே இருக்கிறது. நடு மூடி இருபது சென்டிமீட்டர் வாய். அதன் வழியாக இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகள் தாராளமாக நுழையும். 26 புட்டிகள் சேர்த்தேன். மூடியை இறுக்கி ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். பழைய வலைத்துண்டில் அணியத்துக்கு 13, பின்முனையான அமரத்துக்கு 13 என்று மூட்டை கட்டித் திணித்தேன். இடுக்குகளில் பாட்டா கொடுத்த பழைய வலை மிதவைகள். மொத்தம் ஐம்பது லிட்டருக்கு மேல். கயாக் முழுக்கத் தண்ணீர் புகுந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் புக முடியாது. அத்தனை கிலோ தாங்கும் சக்தி மிச்சம் இருக்கும். செலவு என்று ஒன்றும் இல்லை.

சோதனையைத் தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருவதற்கு முன்னால் அமைதியாகக் கிடக்கும் நீரில் செய்தோம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போகவில்லை, அங்கே அலை ஆளை விழுங்கியிருக்கிறது. என் மச்சினன் கரையில் கயிறு பிடித்து நிற்க, மூடியையும் அடைப்பையும் திறந்துவிட்டுக் கயாக்கை வேண்டுமென்றே முக்கினேன். தண்ணீர் ஏறி ஏறி, தட்டு நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கேயே நின்றது. மேலே உட்கார்ந்தால் இடுப்புவரை நனைந்தேன், துடுப்புப் போட முடியவில்லை, உருண்டுகொண்டே இருந்தது. ஆனால் இறங்கி ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு நேரமானாலும் தாங்கும். எனக்கு அது போதும். கவிழ்ந்து ஏறுவதையும் அங்கேயே பழகினேன். கயாக்கின் நடுவில் குறுக்காக வயிற்றைப் போட்டு, காலை நீந்துவதுபோல் உதைத்து, பிறகு புரண்டு உட்கார வேண்டும். ஏழு தடவை. லைஃப் ஜாக்கெட் போட்டபடி பழக வேண்டும், அது இல்லாமல் பழகியது கடலில் உதவாது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடப்புறங்களில் யாரும் கடலில் இறங்குவதில்லை; அன்று நானும் இறங்க மாட்டேன். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தினமும் தரும் அலைக் கணிப்பை முந்தின நாளில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அலை உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். நான் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் பார்ப்பேன். ஒரு மீட்டருக்குக் கீழ், 12 விநாடிக்குக் கீழ் என்றால்தான் இறங்குவேன். உயரம் குறைவாக இருந்தும் இடைவெளி 16, 18 விநாடி என்று காட்டினால், தூரத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கே காற்றே இருக்காது. கரைக்கு வரும்போது திடீரென்று எழும்பி அடிக்கும். கள்ளக்கடல் என்பது அதுதான். அந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் அப்படியே ஏற்றுக்கொண்டது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்த கரை இது. இங்கே வானிலை பார்க்காமல் இறங்குகிறவனோடு யாரும் பேச மாட்டார்கள்.

மூன்றே முக்காலுக்குப் பாட்டாவிடம் சொன்னேன்: எங்கே போகிறேன், ஏழரைக்குள் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும். கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இரண்டு எண்ணும் அவருடைய மகனின் போனிலும் இருக்கின்றன. மகனின் வள்ளம் கணவாய் மீன் பிடிக்க அதே பக்கம் நிற்கப் போகிறது என்பதும் தைரியம். மணலில் இப்போதும் வெள்ளைக் குருணைகள் கண்ணில் பட்டன. 2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சரக்குக் கப்பலில் இருந்து இந்தக் கரை வரைக்கும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மூலப்பொருள் அது. சல்லடை வைத்து அள்ளியும் தீரவில்லை.

பாட்டா அலையைப் பார்த்துக்கொண்டே கயாக்கின் அமரத்தைப் பிடித்து நின்றார். பெரிய அலைகள் வரிசையாக வரும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். எனக்கு எண்ணத் தெரியும், அவருக்கு எண்ணாமலே தெரியும். "இப்ப" என்று தள்ளிவிட்டார். ஆறு போடு துடுப்பில் உடையும் இடத்தைத் தாண்டிவிட்டேன்.

மேற்கில் இருந்து கடல்காற்று. இந்த மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் அப்படித்தான். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது கூட்டிவரும். நீவாடு பொழியூர்ப் பக்கம் மெல்ல இழுத்தது. பின்னால் ஒரு விரல் நீளப் போலி மினுமினுப்பு மீனை இருபத்தைந்து மீட்டர் தங்கூஸ் நூலில் விட்டு இழுத்துக்கொண்டே போனேன். பத்தாவது நிமிடம் ராடு வளைந்தது, அடுத்த நொடி நிமிர்ந்தது. தங்கூஸ் கத்தரித்ததுபோல் அறுந்திருந்தது. சீலாவின் பல். கொக்கிக்கு முன்னால் ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டாமல் விட்டது என் அவசரம். உட்கார்ந்தபடியே கட்டிக்கொண்டேன்.

பாட்டா சொல்லித்தந்த பார், கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி. கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டைத்தான் பார் என்கிறோம். அதைக் கருவி இல்லாமல் கண்டுபிடிப்பதைக் கணியம் என்பார்கள். பொழியூரைத் தாண்டித் திருவனந்தபுரம் கடற்கரையில் கணிச்சம். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் ஒரே கோட்டில் சேர வேண்டும், வேறு திசையில் இன்னும் இரண்டு சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நீ இருக்கிறாய். எனக்குக் கிடைத்தது: மாதா கோயில் கோபுரம் போன் டவருக்கு நேர் முன்னால், தூண்டில் வளைவின் முனை தூரத்து மலையின் கூர் உச்சிக்கு நேர் கீழே. போனிலும் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். கணியம் சேர்ந்தபோது போனைப் பார்த்தேன், முப்பது மீட்டர்தான் வித்தியாசம். நங்கூரக் கயிறு பதினான்கு மீட்டரில் தரை தொட்டது.

நங்கூரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கயாக்கின் நடுவில் பக்கவாட்டில் கட்டினால், அலை ஒன்று இழுத்தாலே கவிழும். அதனால் அணியத்தில் இருந்து அமரம் வரை ஓரமாக ஒரு நாலு மில்லிமீட்டர் கயிற்றை இரண்டு கப்பியில் ஓட்டி, நடுவில் ஒரு வளையம் வைத்திருக்கிறேன். துணிக்கொடிக் கயிறு போல இழுத்தால் வளையம் அணியத்துக்குப் போய்விடும். உட்கார்ந்த இடத்திலேயே நங்கூரத்தை வளையத்தில் மாட்டி முன்னால் அனுப்பிவிடலாம், மூக்கு அலையைப் பார்த்து நிற்கும். இரண்டாவது, பாறையில் நங்கூரம் மாட்டிக்கொள்ளும். அதனால் கயிற்றை நங்கூரத்தின் தலைவளையத்தில் கட்டாமல் அடிப்பக்கத்தில் கட்டி, தண்டு நெடுகிலும் கொண்டுவந்து, தலைவளையத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றால் மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன். மாட்டிக்கொண்டால் ஓங்கி இழுத்ததும் டை அறும், நங்கூரம் அடியில் இருந்து பின்னோக்கிக் கழன்று வரும். ஒரு ரூபாய் டை.

சாளைத் துண்டு வைத்துக் கீழே விட்டேன். முதலில் நவரை, விரல் அளவு, விட்டுவிட்டேன். பிறகு ஒரு கெளுத்தி. அதன் முள் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, குத்தினால் ராத்திரி தூக்கம் போய்விடும். துணி போட்டு அமுக்கி, குறடால் கொக்கியை எடுத்து வெளியே தள்ளினேன். ஐந்தரைக்கு ஒரு கலவா, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கொத்தியதும் பாறைப் பொந்துக்குள் ஓடப் பார்த்தது, முதல் இரண்டு மீட்டர் விடாமல் தூக்கினால்தான் உண்டு.

சூரியன் கடலைத் தொட்டபோது வடமேற்கே விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டன. அந்த நேரத்தில்தான் பக்கத்தில் நெத்தோலிக் கூட்டம் மழைத்துளி விழுவதுபோல் மேலே துள்ளியது. அதற்குக் கீழே ஏதோ துரத்துகிறது. மினுமினுப்பு மீனை அந்தப் பக்கம் வீசினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. ரீலின் பிரேக்கைத் தளர்த்தி வைத்திருந்தேன். கரையில் நின்று பிடிப்பது போல் இறுக்கி வைத்தால் கயாக்கில் மீனோடு நாமும் சரிவோம். தளர்த்தி வைத்தால் மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் அதற்குத்தான் களைப்பு. நங்கூரத்தைச் சுற்றி அரை வட்டம் இழுத்தது. தலை கயாக்கின் ஓரத்தைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தலை தாண்டினால் உடம்பும் தாண்டும். பதினைந்து நிமிடம் கழித்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு பாரை கிடந்தது. வெள்ளியும் மஞ்சளும் கலந்து மினுங்கியது. கரையில் எடை போட்டபோது இரண்டரைக் கிலோ.

அப்போது கயாக்கைத் தட்டிப் பார்த்தேன். பாட்டா தட்டியது போலவே விரல் முட்டியால், இருக்கைக்குப் பக்கத்தில். உள்ளே புட்டிகள் மொத்தையாகச் சத்தம் போட்டன. சளசளப்பு இல்லை.

நங்கூரம் வரவில்லை. இரண்டு முறை மெதுவாக இழுத்தேன். மூன்றாம் முறை கயாக்கை முன்னால் ஓட்டிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கத்தில் இருந்து இழுத்தேன். டை அறுந்தது கயிற்றில் தெரிந்தது, ஒரு சொடுக்கு, பிறகு கனம் மட்டும். இருட்டிவிட்டது. தலைவிளக்கு போட்டு, வெள்ளை டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வள்ளங்கள் வேகமாக வரும், கயாக் நீர்மட்டத்தில் கிடக்கும் சாமான், தெரியாது. சத்தம் கேட்கும் பக்கமெல்லாம் டார்ச்சைக் காட்ட வேண்டும்.

கரை ராத்திரியில் வேறு கரையாகிவிடுகிறது. கோபுரம் தெரியவில்லை, டவரின் சிவப்பு விளக்கு தெரிந்தது. மணலை ஒட்டிய குருசடியில், அதாவது சிலுவை வைத்த சிறு கோயிலில், ஒரு டியூப்லைட் உண்டு. பாட்டா சொல்லியிருந்தார்: குருசடி விளக்குக்கு நேர் மேலே டவர் விளக்கு நிற்க வேண்டும், டவர் இடது பக்கம் விலகினால் நீ கல்லுக்குப் போகிறாய். அதையே பிடித்துக்கொண்டு வந்தேன். உடையும் இடத்துக்கு வெளியே நின்று, ராடுகளைப் படுக்க வைத்துக் கட்டி, மீன் வாளியின் மூடியை இறுக்கி, வரிசை அடங்கக் காத்திருந்தேன். இறங்குவதைவிட ஏறுவது கஷ்டம். அலை முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெரிய அலையின் முதுகில் ஏறிக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும், அதற்கு முன்னால் ஓடக் கூடாது. கடைசி அலை கொஞ்சம் முந்திக்கொண்டு என்னைக் குறுக்காகத் திருப்பியது. அலை வரும் பக்கமே சாய்ந்து துடுப்பை அதன்மேல் அழுத்தினேன். பக்கவாட்டாகவே வழுக்கிக்கொண்டுபோய் மணலில் உட்கார்ந்தது. பாட்டாவின் கை அணியத்தைப் பிடித்திருந்தது. மணி ஏழு பத்து.

இருவருமாகத் தூக்கி ஏற்றினோம். பேச்சு எதுவும் இல்லாமல் அவரே அடைப்பைத் திருகிக் கழற்றினார். அமரத்தைத் தாழ்த்திப் பிடித்தோம். கொஞ்சம் தண்ணீர் வந்தது. டம்ளரில் பிடித்தேன், அரை டம்ளர் இருந்தது. டார்ச்சை அடியில் அடித்து ஒட்டைப் பார்த்தோம், காய்ந்த வடுவாகவே இருந்தது. பாட்டா நடு மூடியைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தை விரலால் சுற்றித் தடவினார். ஒரு இடத்தில் நிறுத்தி என் விரலைப் பிடித்து வைத்தார். வெடிப்பு.

"இது இங்ஙன இருந்து வந்த தண்ணி. சைக்கிள் டியூப் வெட்டிப் போடு."

கறிக்கு என்று கலவாவை அவரிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். பாரை வீட்டில் புளிமுளமும் மரச்சீனியுமாக முடிந்தது. சைக்கிள் டியூப் வாங்கி வந்திருக்கிறேன். 26 புட்டிகளையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்ததில் இரண்டின் மூடி தளர்ந்திருந்தது. மாற்றிவிட்டுத்தான் அடுத்த சனிக்கிழமை.